எல்லாரையும்விட ஐந்து காசு குறைவு

கடை வைப்பதற்குக் கீழ்த்தளத்தைவிட மேல்மாடிதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். வாடகை பாதிதான் வரும். படியேறி வந்த சிரமத்துக்காகவே ஆள் எதையாவது வாங்காமல் இறங்க மாட்டார். என் கடை உலு திராமில், ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்தது. பத்தரை மணிக்கெல்லாம் ரசத்தின் வாசனை மேலே வந்துவிடும்.

தமிழில் எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். இன்ஸ்பெக்டர் சரி என்றார். மலாய் பேசுவேன், ஆனால் நிதானமாக யோசித்து எழுத எனக்குத் தமிழ்தான் வரும். என் பெயர் லெஸ்லி. வயது நாற்பத்திரண்டு. யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. மத்தியானம் நாசி லெமாக் வாங்கித் தந்தார்கள்.

நான் விற்றது வீடியோ விளையாட்டுகளுக்கான எண்கள். எழுத்தும் எண்ணும் கலந்து பதினாறு. அதைக் கைப்பேசியில் தட்டினால் விளையாட்டில் செலவழிக்கப் பணம் ஏறும், இல்லையென்றால் புது விளையாட்டு ஒன்று திறக்கும். பெட்ரோல் நிலையங்களில் இதையே அட்டையாகத் தொங்கவிட்டிருப்பார்கள், சுரண்டினால் எண் தெரியும். யாரிடம் வாங்கினாலும் ஒரே சரக்கு. ருசி கிடையாது, தரம் கிடையாது. அதனால் விலை ஒன்றில்தான் போட்டி போட முடியும்.

விலை ஒப்பிட்டுக் காட்டும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. எந்தக் கடையில் குறைவோ அந்தக் கடை முதல் வரியில் நிற்கும். வாங்குகிறவர்கள் முதல் வரிக்குக் கீழே பார்ப்பதில்லை. பெரிய கடைகளின் பின்னால் முதலீடு போட்டவர்கள் இருக்கிறார்கள். நூறு வெள்ளி பணம் ஏற்றும் எண்ணைத் தொண்ணூற்றாறு வெள்ளிக்கு விற்று, ஒரு வருஷம் நஷ்டத்தில் ஓட்ட அவர்களால் முடியும். அதே எண்ணை நான் வாங்குவதே தொண்ணூற்றேழுக்கு.

நான் சும்மா இருந்துவிடவில்லை. துருக்கியில் விலை குறைவு என்று அங்கிருந்து வாங்கினேன். விளையாட்டு நிறுவனங்கள் நாடு விட்டு நாடு விற்பதைத் தடுத்துவிட்டன. வாட்ஸாப்பில் இரண்டு நிமிஷத்துக்குள் தமிழிலும் மலாயிலும் பதில் போட்டேன். பெரிய கடை பதில் போட ஒரு இயந்திரத்தை வைத்தது. பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்றேன். அவர்கள் எட்டுக்கு ஒன்று என்றார்கள்.

என் மனைவி ஷர்மைன் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எட்டு மாதம் அவள் சம்பளத்தில்தான் கடை வாடகை போனது. ஒரு நாள்கூட அவள் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் கடையை மூடியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் ரபேல் வந்தான். என்னோடு இடைநிலைப் பள்ளியில் படித்தவன். வெளிநாட்டில் ஏதோ கால் சென்டரில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தான். நல்ல சட்டை, நல்ல காலணி. கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெரிய கடைக்காரன் என்ன விலைக்கு விக்கிறான்?" என்றான்.

"நூறு வெள்ளி எண்ண தொண்ணூத்தாறுக்கு."

"நான் உனக்கு எழுபதுக்குத் தரேன்லா."

"எங்கேர்ந்துடா?"

"கிஃப்டா வந்தத வேணாம்னு விக்கிறாங்க. உனக்கு நம்பர் வேலை செய்யணும், அவ்வளவுதானே?"

எண் வேலை செய்தது. நான் அவனிடம் இரண்டாவது முறை கேட்கவில்லை. மொத்த வியாபாரத்தில் சில கேள்விகளைக் கேட்டால் விலை ஏறிவிடும்.

தொண்ணூற்றைந்து வெள்ளி தொண்ணூற்றைந்து காசு என்று விலை போட்டேன். பெரிய கடையைவிட ஐந்து காசு குறைவு. அவர்கள் இறக்கினால் நானும் அதிலிருந்து ஐந்து காசு இறக்குவேன். மூன்று வாரத்தில் முதல் வரிக்கு வந்தேன். குளுவாங், சிம்பாங் ரெங்கம், ஏன், சிங்கப்பூரிலிருந்துகூட வாங்கினார்கள். சபாபதி அண்ணன் என்று ஒரு லாரி ஓட்டுநர், சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் நிற்கும்போது விளையாடுகிறவர். "தம்பி, நம்மாளு ஒருத்தன் அந்தப் பெரிய கடைய முந்திட்டான்னு பெருமையா இருக்கு" என்று குரல் செய்தி அனுப்பினார். ஷர்மைனிடம் போட்டுக் காட்டினேன். அவள் இரண்டு முறை கேட்டாள்.

மே மாதம் சரக்கு குறைந்தது. பெரிய கடை ஆண்டுவிழா விற்பனை அறிவித்திருந்த சமயம். ஒரு சனிக்கிழமை ரபேலோடு உட்கார்ந்து பேசினேன். ஜூனில் சரக்கு மறுபடி வர ஆரம்பித்தது, முன்னைவிட அதிகமாக.

ஜூலை முதல் வாரத்தில் பேட்ரிசியா ஆன்ட்டி கடைக்கு வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் முப்பத்தைந்து வருஷம் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் தாமான் குடியிருப்பில், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. எங்கள் தேவாலயத்தின் வட்டாரக் குழுவான அன்பியத்தின் கூட்டங்களில் ஜெபமாலையைத் தொடங்கி வைப்பவர் அவர்தான். எனக்கு டெங்கு வந்தபோது தினமும் வந்து காய்ச்சல் பார்த்தார்.

முட்டி வலியோடு கைப்பிடியைப் பிடித்து ஏறி வந்தார். ஒரு காதில் இயர்போன் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியை மேசைமேல் வைத்தார். திரையில் ஒரு அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

"லெஸ்லி, இந்த கேம் கார்டு நம்பர் உங்கிட்ட இருக்குதானே? நூறு வெள்ளியில இருபது வேணும்."

"யாருக்கு ஆன்ட்டி?"

"தம்பி பேரனுக்கு. பிறந்த நாளு."

அவருக்குத் தம்பி கிடையாது. அன்பியத்தில் எல்லாருக்கும் தெரியும். அவரே கொஞ்ச நேரம் கழித்து, வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோலச் சொன்னார்: பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் இருந்த மலாய்ப் பெண், "மக்சிக், யாராவது போன்ல வாங்கச் சொல்றாங்களா?" என்று கேட்டு, விற்க மறுத்துவிட்டாளாம். பதினெட்டு வயதுகூட இருக்காதாம். வாடிக்கையாளரிடம் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று அப்போது எனக்குத் தோன்றியது.

இருபது எண்களை அச்சடித்துக் கொடுத்தேன். கிளினிக்கில் மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்னக் காகித உறைகளில் பணத்தை வைத்திருந்தார். எண்ணிக் கொடுத்தார். படி இறங்கும்போது கையைப் பிடித்துக் கீழே கொண்டு விட்டேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ரபேல் அன்றைய சரக்கை அனுப்பினான். எல்லா எண்களையும் கணினியில் ஒரு பட்டியலில் ஏற்றுவது என் வழக்கம். ஏற்கெனவே இருக்கும் எண்ணை மறுபடி ஏற்றினால் அந்தக் கட்டம் சிவப்பாகிவிடும். அன்று இருபது கட்டங்கள் சிவந்தன. காலையில் பேட்ரிசியா ஆன்ட்டிக்குத் தொண்ணூற்றைந்து தொண்ணூற்றைந்துக்கு விற்ற எண்கள், எழுபதுக்கு என்னிடமே திரும்பி வந்திருந்தன.

அது மோசடி என்று எனக்கு அப்போது தெரிந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். யாரோ போனில் மிரட்டுகிறார்கள், அவர் எண்ணை வாசித்துக் காட்டுகிறார், அவர்கள் அதை விற்றுக் காசாக்குகிறார்கள். பிறகு சிவப்பு நிறத்தை எடுத்துவிட்டு எண்களை விற்பனைக்குப் போட்டேன்.

அவர் வியாழக்கிழமை மறுபடி வந்தார். அடுத்த திங்களும் வந்தார். சில எண்களை நான் அவரிடமே மூன்று தடவை விற்றிருக்கிறேன். பழைய எண்ணா என்று அவர் பார்ப்பதில்லை, கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து ஒவ்வோர் எழுத்தாக வாசிப்பார், அவ்வளவுதான். அந்த மாதம் நான் வெளியே அதிகம் சரக்கு தேட வேண்டியிருக்கவில்லை. பெரிய கடை தொண்ணூற்று மூன்றுக்கு இறக்கியது. நான் அதற்கும் ஐந்து காசு கீழே போனேன்.

நான்காவது முறை வந்தபோது அவர் இயர்போனைக் கழற்றினார். கைப்பேசியைக் கைப்பைக்குள் போட்டு, பையை அறையின் மறுகோடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். என் அருகில் குனிந்து மெல்லிய குரலில் பேசினார்.

"லெஸ்லி, கோலாலம்பூர் கோர்ட்டுலேர்ந்து ஒரு ஆபீசர் பேசுறாருப்பா. என் ஐ.சி. கார்டு நம்பர வச்சு யாரோ போதைப்பொருள் அனுப்பிட்டாங்களாம். கேஸ் முடியிற வரைக்கும் ஜாமீன் கட்டணுமாம், இந்த நம்பர்லதான் கட்டணுமாம். யார்கிட்டயும் சொன்னா உடனே புடிச்சிருவாங்களாம். நீ கம்ப்யூட்டர்லாம் தெரிஞ்ச பிள்ள. இது உண்மையா இருக்குமாப்பா?"

இவ்வளவு நேரடியாக யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. ஒரு வார்த்தை போதும். அவர் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து நானே அணைத்திருக்கலாம்.

அந்த வார இறுதியில் சம்பள நாள் விற்பனை இருந்தது. அறுபது எண்களாவது தேவைப்பட்டன.

"எனக்கு அதெல்லாம் சரியாத் தெரியாது ஆன்ட்டி" என்றேன். "ஆனா கோர்ட்டுன்னு சொல்றாங்க. சொல்றபடி செஞ்சு முடிச்சுட்டா நிம்மதியா இருக்கலாம் இல்லையா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார். "நீ சொன்னா சரிப்பா" என்றார். முகத்தில் ஒரு தெளிவு வந்ததைப் பார்த்தேன். மூன்று வாரமாகத் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்ததை இன்னொருவரிடம் இறக்கி வைத்தவர்போல இருந்தார். நான் அவருக்கு ஆறுதல் தந்தேன் என்றுதான் அன்று நினைத்தேன்.

கையில் இருந்த ரொக்கம் போதவில்லை. வைப்புத்தொகையை உடைக்க வேண்டும் என்றார். வெளியே மழை. நானே காரில் வங்கிக்கு அழைத்துப் போனேன். கவுண்டரில் எதற்கு என்று கேட்டால் வீட்டுக் கூரை மாற்ற என்று சொல்லச் சொன்னேன். இல்லையென்றால் தேவையில்லாமல் பேசி அவரை நிற்க வைத்துவிடுவார்கள், அவருக்கு முட்டி வலி.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி பேட்ரிசியா ஆன்ட்டியின் பக்கத்து வீட்டு செல்லம் அக்கா, மூன்று நாளாக அவர் வாசல் விளக்கு அணையவில்லை என்று எங்களைக் கூப்பிட்டார். நானும் ஷர்மைனும் போனோம். கதவை நான்தான் உடைத்தேன். பேட்ரிசியா ஆன்ட்டி சமையலறை மேசையில் தலை சாய்ந்து இருந்தார். கைப்பேசி எப்போதோ அணைந்து போயிருந்தது. முன்னால் ஒரு கடிதம். கிளினிக் பதிவேட்டில் எழுதும் அந்தச் சுத்தமான கையெழுத்தில், மலாயில்: மதிப்பிற்குரிய ஐயா, என்னிடம் இனிப் பணம் இல்லை. வீட்டை விற்க எனக்குக் கொஞ்சம் அவகாசம் தாருங்கள். நான் குற்றம் செய்யவில்லை. இருந்தாலும் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஷர்மைன் அதை இரண்டு முறை படித்தாள்.

மாரடைப்பு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அதை நீங்கள் கவனத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு ஏற்கெனவே இரத்த அழுத்தம் இருந்தது. அடக்கப் பூசையில் முதல் வாசகம் நான் வாசித்தேன். பெட்டியின் முன்பக்க வலது மூலையைத் தூக்கியதும் நான்தான். அன்று கடையை முழு நாளும் மூடினேன். விலைப் பக்கத்தில் மூன்றாவது வரிக்குப் போய்விட்டேன், அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

கடையில் அச்சடித்த சீட்டுகள் அவர் கைப்பையில் இருந்தன. அப்படித்தான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். ரபேல் அதற்குள் எல்லை தாண்டிவிட்டான். அவன் இருக்கும் இடம் எனக்குத் தெரியாது.

நேற்று இன்ஸ்பெக்டர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பேட்ரிசியா தனியாக இருப்பவர், ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை வங்கியில் போட்டிருப்பவர், பயந்த சுபாவம் என்றெல்லாம் அந்தக் கும்பலுக்கு எப்படித் தெரிந்தது என்று. நான் பதில் சொல்லவில்லை. ஷர்மைன் வெளியே உட்கார்ந்திருந்தாள். இங்கே எழுதுகிறேன்.

மே மாதச் சனிக்கிழமை, மாமாக் தேநீர்க் கடையில், ரபேல் சொன்னான்: "சரக்கு இல்லடா. யாரக் கூப்பிட்டாலும் இப்ப உஷாரா இருக்காங்க, போன வச்சிடுறாங்க. நல்ல ஆளுங்க நம்பர் கிடைச்சா வரும். வயசானவங்க, கையில கொஞ்சம் காசு உள்ளவங்க."

நான் எங்கள் அன்பியத்தின் செயலாளர். எல்லாருடைய தொலைபேசி எண்களும் என்னிடம் இருந்தன. யாருக்கு என்ன நோய், யார் எப்போது ஓய்வு பெற்றார், யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், கிறிஸ்துமஸ் கூடைகளை நான்தான் வீடு வீடாகக் கொண்டு கொடுப்பேன். அவன் இருபது பேர் கேட்டான். நான் பதினொரு பேர்தான் கொடுத்தேன். மேசையில் இருந்த துண்டுக் காகிதத்தில், என் கையால் எழுதினேன். பேட்ரிசியா ஆன்ட்டியின் பெயர் நான்காவது.

கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. பதினைந்து நிமிஷம் யோசித்தேன், ரபேலின் தேநீர் ஆறிவிட்டது. பிள்ளை குட்டி உள்ளவர் ஒருவர் பெயர்கூட அதில் கிடையாது. நீங்கள் வீடு வீடாகப் போய் விசாரித்துக்கொள்ளலாம். எந்தக் குடும்பத்தையும் நான் கெடுக்கவில்லை.