நம்பி வாங்கிய நான்காவது பம்பு

வண்டியை மரத்தடியில் நிறுத்தச் சொன்னதற்கு நன்றி ஐயா. வெயிலில் நின்றால் டிக்கி சீக்கிரம் சூடாகிவிடும். நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை. பெயிண்ட் வெளுக்கிறதே என்று மட்டும்தான் கவலைப்படுவார்கள்.

என் மச்சினனைக் காணவில்லை என்று புகார் கொடுக்க மனைவியை நானேதான் அழைத்து வந்தேன். அவள் பேசிக்கொண்டிருக்கும்போது காவலர் வந்து, எங்கள் வண்டிக்குள் ஏதோ மணி அடித்துக்கொண்டே இருக்கிறது என்று உங்கள் காதில் சொன்னார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் உடனே சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஒளித்து மறைக்கிற ஆள் நான் இல்லை. காவலரும் என் மனைவியும் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், அதற்குள் நான் விளக்கிவிடுகிறேன். மணியைச் சொல்ல வேண்டுமானால் முதலில் பம்பைச் சொல்ல வேண்டும்.

என்னுடையது டர்போ வண்டி. என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும். அழுத்தினால் காற்று சூடாகும், சூடான காற்றில் இழுவை இருக்காது. அதைக் குளிர வைக்கத்தான் இன்டர்கூலர். என் வண்டியில் அந்த இன்டர்கூலரைத் தண்ணீர்தான் குளிர வைக்கிறது. அந்தத் தண்ணீரைச் சுற்ற வைப்பது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பம்பு. அது நின்றுபோனால் வண்டி நிற்காது ஐயா, அதுதான் கொடுமை. புகை வராது, சத்தம் வராது, என் வண்டியில் விளக்குகூட எரியாது. மேடு வரும்போதுதான் நம்மை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள் என்பது தெரியும்.

நான் லிஃப்ட் பரிசோதகர். ஒரு லிஃப்டுக்குள் என் கையெழுத்தை ஒட்டிவிட்டால், அதைப் படிக்காமலே ஊரே அந்தப் பெட்டிக்குள் ஏறும். எனக்கு அதில் பெருமை உண்டு. சொல்லாமல் நின்றுபோகிற எதற்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

இதுவரை மாட்டிய மூன்று பம்பும் மச்சினன் கொடுத்ததுதான். உதிரிபாகக் கடையில் கவுன்டரில் நிற்கிறான். வாயாலேயே பந்தல் போடுவான். முதல் பம்பு ஒழுகியது. இரண்டாவதில் மோட்டாருக்குள் உரசுகிற கார்பன் தேய்ந்து மோட்டார் மண்டையைப் போட்டது. மூன்றாவதில் கார்பனே கிடையாது, தேய்மானம் கிடையாது, ஓடுகிற சத்தமே கேட்காது என்றான். "இது தங்கம் மாமா. கண்ண மூடிக்கிட்டு மாட்டுங்க" என்று என் தோளில் தட்டினான். சத்தம் கேட்காது என்பது உண்மைதான். செத்த சத்தமும் கேட்கவில்லை.

அது எப்படித் தெரிந்தது என்றால், பாலத்துக்கு ஏறுகிற மேட்டில் ஒரு பேருந்தை முந்தினேன். பாதி தூரம் முந்தியதும் வண்டி துவண்டுவிட்டது. பேருந்துக்குப் பக்கவாட்டிலேயே ஊர்ந்தேன். ஜன்னல் ஓரத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக என்னைக் குனிந்து பார்த்தார்கள். ஒரு பெரியவர், பரவாயில்லை தம்பி, பின்னாடியே வாங்க என்பதுபோலக் கையைக் காட்டினார். பின்னாடியே போனேன். எனக்கு அழுகை வந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

நேராகக் கடைக்குப் போய்ப் பம்பைக் கழற்றிக் கொடுத்தேன். மச்சினன் டீயைக் கீழே வைக்காமலே பம்பைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். பம்பின் மேல் தப்பில்லை, மேடுதான் செங்குத்து என்றான். பிறகு, "பம்பு என்ன மாமா பண்ணும், அதுவும் மனுஷன் மாதிரிதான. திடீர்னு ஒருநாள் நின்னுடும்" என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை. வீடு வந்து சேரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அவன் மனிதனைப் பற்றிச் சொன்னது தப்பு. லிஃப்டில் மாட்டிக்கொண்ட மனிதன் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. மணியை அழுத்துவான், கதவைத் தட்டுவான், கட்டடம் முழுக்கக் கேட்கும்படி கத்துவான். பழுதானால் தானே சொல்லுகிற ஒரே பொருள் அவன்தான்.

ஆக, வேலை ஆளைத் தேர்ந்தெடுப்பதில் வந்து நின்றது. அவசரப்படவில்லை. மாமனாரை நினைத்தேன், அவருக்குத் தோள்பட்டை வலி. எதிர்வீட்டு உடற்பயிற்சி ஆசிரியருக்கு நல்ல புஜம், ஆனால் டிக்கியில் மடங்க மாட்டார். மச்சினன் குள்ளம், திடம், வெயிலுக்கு அஞ்சாதவன். ஓயாமல் பேசுகிறவன் என்பதால் நின்றால் உடனே தெரிந்துவிடும். குடும்பத்துக்குள்ளேயே இருப்பதால் கேரண்டிக்காக அலையவும் வேண்டாம்.

பீப்பாயிலிருந்து எண்ணெய் இறைப்பார்களே, கைப்பிடியைச் சுற்றுகிற பம்பு, அதை வாங்கி டிக்கியில் பொருத்தினேன். இரண்டு குழாய்களை முன்னாலிருந்து இழுத்துக் கொண்டுவந்தேன். லிஃப்டுக்கு என்னென்ன விதியோ அத்தனையையும் கடைப்பிடித்தேன். உள்ளே விளக்கு, காற்றுக்கு மின்விசிறி, உள்ளிருந்து அழுத்தினால் டாஷ்போர்டில் அடிக்கும்படி ஒரு அபாய மணி, ஒருவருக்கு மட்டும் என்று ஒரு பலகை. சுற்றிலும் தடித்த ஃபோம். சத்தம் வெளியே வரக்கூடாது என்பதற்காக மட்டும் இல்லை, முட்டிக்கொண்டால் வலிக்கும் அல்லவா.

புது பம்பு மாட்டியிருக்கிறேன், வந்து பார் என்று கூப்பிட்டேன். வந்தான். தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்ன மாமா, கைப்பம்பு வச்சிருக்கீங்க. இத யாரு சுத்துவா?"

"அதத்தான் மாப்ள நானும் யோசிச்சேன்" என்றேன். பிறகு அவன் கால்களைத் தூக்கி உள்ளே வைத்து மூடியைச் சாத்தினேன்.

நான் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. இதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். திட்டவில்லை, கை நீட்டவில்லை. குழாயில் தண்ணீர் ஓடினால் மின்விசிறி சுழலும், ஓடாவிட்டால் நிற்கும். அப்படித்தான் ஒயரை இணைத்திருக்கிறேன். காற்று வேண்டுமானால் சுற்றலாம், வேண்டாமென்றால் சும்மா இருக்கலாம். முடிவு முழுக்க அவன் கையில்தான் இருந்தது. வேளாவேளைக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தேன். வண்டி ஓடாதபோது இறக்கி, ஷெட்டுக்குள் பூட்டி ஓய்வு கொடுத்தேன். எந்தப் பம்பையாவது யாராவது இப்படிக் கவனித்துக்கொண்டதுண்டா?

வண்டியை நீங்கள் ஓட்டிப் பார்க்க வேண்டும் ஐயா. அதே பாலத்து மேட்டில் இரண்டு பேருந்துகளை ஒரே மூச்சில் முந்தினேன்.

மனைவிக்கு மட்டும்தான் மனசு சரியில்லை. தம்பி எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பம்பு விஷயமாகத்தான் போயிருப்பான் என்றேன். அது பொய் இல்லை. அவள் சமாதானம் ஆகாததால், அவனைத் தேடி ஊரெல்லாம் இதே வண்டியில் சுற்றினோம். அவன் கூட்டாளிகள் வீடு, கடை, மருத்துவமனை என்று ஒன்று பாக்கியில்லை. மணி விடாமல் அடித்தது. என்ன சத்தம் என்றாள். சீட் பெல்ட் மணி என்றேன். பெல்ட்டை மாட்டினாள். அப்போதும் அடித்தது. மடியிலிருந்த கைப்பையைப் பின்சீட்டில் வைத்து, எட்டி அதற்கும் ஒரு பெல்ட்டை மாட்டிவிட்டாள். பாவம், எதையும் முறையாகச் செய்கிறவள்.

இன்று இங்கே வரும் வழியில் பாலத்தில் ஏறும்போது அவள் சொன்னாள், "வண்டி எவ்ளோ நல்லா இழுக்குது பாத்தீங்களா. என் தம்பி இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பான்." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஓரமாக நிறுத்தி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மச்சினனை டிக்கியில் அடைத்து, இன்டர்கூலருக்குத் தண்ணீர் இறைக்க வைத்தது நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். முழு நம்பிக்கையோடு போடுவேன்.

ஒரு நிமிடம். மணி நின்றுவிட்டது, கவனித்தீர்களா? எனக்கு மனசு விட்டுப்போகிறது ஐயா. இவனும் மற்ற மூன்றைப் போலத்தானா? அந்த ஜன்னல் பக்கம் போய்ப் பார்க்கலாமா?

இல்லை, டிக்கியைத் திறந்திருக்கிறார்கள். அதனால்தான். மனைவியும் பக்கத்தில் நிற்கிறாள். அவனைத் தூக்கி மரத்தடியில் உட்கார வைத்துவிட்டார்கள். அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழுகிறாள்.

அவனுடைய வலது கையைப் பாருங்கள். கைப்பிடி இல்லை, குழாய் இல்லை, மரத்தடியில் வேண்டிய மட்டும் காற்று வீசுகிறது. கை சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவள் இரண்டு கையாலும் பிடித்து நிறுத்துகிறாள், விட்டதும் மறுபடி சுற்றுகிறது. நான் கட்டாயப்படுத்தியிருந்தால், திறந்துவிட்ட பிறகும் ஒருவன் இப்படிச் சுற்றுவானா, நீங்களே சொல்லுங்கள்.