மூன்று நிமிடப் பதிவு

— நிறுத்து, நிறுத்து. மறுபடியும் டோக்கன் கூப்பிடற மாதிரியே படிக்கறே.

— பதினோரு வருஷமா ஆஸ்பத்திரியில மைக்கைப் பிடிச்சு டோக்கன்தான் கூப்பிடறேன். வேற எப்படிப் படிக்கறதாம்?

— "நான் அவரை உங்களைவிட அதிகமா நேசிச்சிருக்கலாம்." இதைப் போய், எக்ஸ்ரே ரூமுக்கு வழி சொல்ற மாதிரி சொல்றே.

— ஏங்க, புருஷன் முகத்துக்கு நேரா எவளாவது இதை ரசிச்சுப் படிப்பாளா?

— ரசிக்க வேணாம். நம்பற மாதிரி இருந்தாப் போதும். போன வாரம் வீடியோவுல கவுன்சலிங் மேடம் சொன்னதை நீயும்தானே பக்கத்துல உக்காந்து கேட்டே? நான் பயப்படறதை நானே எழுதணும். உன் குரல்ல மூணு நிமிஷம் பதிவு பண்ணணும். தினம் இருபது தடவை போட்டுக் கேக்கணும். கேட்டுக் கேட்டு அந்தப் பயம் சலிச்சுப் போகணும்.

— அவங்களே படிச்சு அனுப்பலாமே. குரல்தான் தேனா ஒழுகுதே.

— ஆரம்பிச்சிட்டியா?

— சும்மா சொன்னேன். செவ்வாய்க்கிழமை அவங்க வீடியோவுல வந்தா துவைச்ச சட்டை, படிய வாரின தலை. எனக்கு மட்டும் வாரம் ஏழு நாளும் அந்தக் கிழிஞ்ச பனியன்.

— அவங்களுக்கு மூஞ்சி தெரியுதில்ல! உனக்குப் பொறாமை.

— ஆமா, பொறாமைதான். ஆனா எனக்கு இருக்கறது சாதாரணப் பொறாமை. ஒரு காபி குடிச்சா இறங்கிடும்.

— கிண்டல் பண்ணாதே. சில பேர் சும்மா கை கழுவிக்கிட்டே இருக்கறாங்களே, அதே ஓசிடி வியாதிதான் எனக்கும்னு மேடம் சொன்னாங்க. கை கழுவறவங்க சோப்பைத் தேடி ஓடறாங்க. நான் உன் பதிலைத் தேடி ஓடறேன். நீ இல்லன்னு சொன்னா பத்து நிமிஷம் நிம்மதி. அப்புறம் மறுபடி அழுக்கு.

— அந்த அழுக்கு நான்.

— அப்படிச் சொல்லல.

— சொல்லலன்னாலும் ஆறு வருஷமா அதுதானே நடக்குது. சாப்பிட உக்காந்தா கேள்வி. பஸ்ஸுல கேள்வி. பாப்பா பிறந்த ரெண்டாம் நாள், நான் கட்டில்ல புரள முடியாமப் படுத்திருக்கேன், காதுகிட்ட வந்து கேக்கறீங்க. "கல்யாணத்துக்கு முன்னாடி உன்கூட வேலை பார்த்தானே, அவனை நேசிச்சியா?" நானும் "இல்லங்க, வெறும் பழக்கம்". அப்புறம் அவன் எப்படிச் சிரிப்பான், என்ன வண்டி வச்சிருந்தான், உன் பேரை எப்படிக் கூப்பிடுவான்...

— இப்ப கேக்கறதில்லையே. அஞ்சு வாரமா ஒரு தடவைகூடக் கேக்கல.

— கேட்டா அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்னு சொன்னதால. அதுல இன்னைக்கும் மாத்தமில்ல. இன்னொரு தடவை அந்தக் கேள்வி வந்துச்சுன்னா நானும் பாப்பாவும் அங்கதான்.

— தெரியும். அதனாலதான் கெஞ்சறேன். நாலு மணிக்கு மேடம் லைன்ல வர்றதுக்குள்ள இதை அனுப்பியாகணும். மணி மூணரை. படி.

— ஜன்னலைச் சாத்துங்க. மேல் வீட்டு வாஷிங் மெஷின் கிடுகிடுன்னு ஆடுது. ஃபேனையும் நிறுத்துங்க.

— நிறுத்தியாச்சு. ம், பதிவு ஓடுது.

— "அவர் ஆறடி உயரம். நீலச் சட்டை போட்டுக்கிட்டு வந்தா, நான் வேலையை மறந்து அவரையே பார்த்துக்கிட்டு..." ஐயோ சாமி.

— என்ன?

— ஆறடியா? உங்க மண்டைக்குள்ள இருந்துக்கிட்டே நல்லா வளர்ந்திருக்கார் மனுஷன்.

— அப்போ ஆறடி இல்லையா?

— பார்த்தீங்களா? இதுக்கு நான் பதில் சொல்லக் கூடாது.

— அஞ்சே முக்காலா?

— இருக்கலாம்.

— அஞ்சரை?

— இருக்கலாம். மேடம் எனக்குச் சொல்லிக் கொடுத்த பதில் அது ஒண்ணுதான்.

— பேரிங் கம்பெனியில ஒரு தலைமுடி அளவு பிசகினாலே உருப்படியைத் தூக்கி ஓரமாப் போடறவன் நான். எனக்குப் போய் 'இருக்கலாம்'. தொண்டையில முள்ளாட்டம் நிக்குது.

— நிக்கட்டும். அது சரி, நீலச் சட்டையை எங்கேர்ந்து பிடிச்சீங்க?

— உங்க ஆஸ்பத்திரி குரூப் போட்டோவுல. கடைசி வரிசை, இடது பக்கத்திலேர்ந்து ரெண்டாவது.

— ஏங்க, அது ஆம்புலன்ஸ் டிரைவர். அவருக்கு அப்பவே பேரன் இருந்தான்.

— ஆறு வருஷமா நான் ஆம்புலன்ஸ் டிரைவரையா முறைச்சுக்கிட்டிருந்தேன்?

— பாவம், எத்தனை உயிரைக் காப்பாத்தினவர்.

— அப்ப அந்த போட்டோவுல அவன் எங்க நிக்கறான்? இல்ல இல்ல. கேக்கல. அது கேள்வியே இல்ல. வாய் தவறிடுச்சு.

— அரைக் கேள்வின்னு வச்சுக்கறேன். இப்ப பயம் நூத்துக்கு எவ்வளவு?

— நீ படிக்கறதைக் கேட்டா பத்துகூட வரல. மேடம் எழுபதாச்சும் வரணும்னாங்க.

— பத்துன்னா நல்லதுதானே?

— நல்லதில்ல. நீ நடிக்கறேன்னு பளிச்சுன்னு தெரியுது. எல்லாம் பொய்யின்னு தெரிஞ்சா அதுவும் எனக்கு ஒரு சோப்புதான். அதான் சொல்றேன், படிக்காதே. சொல்லு. நம்பற மாதிரி.

— நம்பற மாதிரி.

— ஆமா. என்ன யோசனை? ஓடிக்கிட்டிருக்கு.

— திரும்பி உக்காருங்க. சுவத்தைப் பாருங்க.

— எதுக்கு?

— நீங்க பார்த்துக்கிட்டிருந்தா வராது.

— சரி. திரும்பிட்டேன்.

— "நான் அவரை நேசிச்சிருக்கலாம். உங்களைவிட அதிகமாவே நேசிச்சிருக்கலாம். அது உங்களுக்குத் தெரியாமலே போகலாம்."

— இதுதான். இப்படித்தான். நிறுத்தாதே.

— "ஒரு வியாழக்கிழமை காலையில, வேலைக்குப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டுக் கிளம்பினேன். பையில சர்ட்டிபிகேட், ரெண்டு மாத்துத் துணி. பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடறேன்னு சொல்லியிருந்தார். வேற ஊருக்குப் போய்க் கல்யாணம் பண்ணிக்கறதுன்னு பேச்சு."

— ஏய். இது நான் எழுதினதுல இல்லையே.

— திரும்பாதீங்க. "பத்து, பதினொண்ணு ஆச்சு. அவர் போன் அணைஞ்சு கிடந்துச்சு. பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அம்மா எந்த ஊருக்குப் போகணும்னு மூணு தடவை கேட்டாங்க. மூணு தடவையும் வேற வேற ஊரைச் சொன்னேன். வெயில் என் பெஞ்சு மேல ஏறுச்சு, என்னைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிப் போச்சு. அஞ்சு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். அவர் வரல. மறுநாள் ஆஸ்பத்திரிக்கும் வரல. வேலையை விட்டுட்டார்னு சொன்னாங்க. எட்டு மாசம் கழிச்சு நமக்குக் கல்யாணம் ஆச்சு." அவ்வளவுதான். நிறுத்திடுங்க. முதல் தடவை நீங்க கேட்டப்ப, உங்க முகம் போன போக்கைப் பார்த்து இல்லன்னு சொல்லிட்டேன். ஒரே ஒரு தடவை சொன்னாப் போதும்னு நினைச்சேன். ஆறு வருஷம் சொல்ல வச்சிட்டீங்க.

— ...

— ஏதாவது பேசுங்க. திட்டவாவது திட்டுங்க. இதை மேடத்துக்கு அனுப்ப முடியாது. அழிச்சிடறேன், போனைக் குடுங்க.

— வேணாம். இருக்கட்டும்.

— மணி நாலு. அவங்கதான் கூப்பிடறாங்க.

— அடிக்கட்டும்.

— எடுக்கலையா?

— அப்புறம் பேசிக்கறேன். உன்னை ஒண்ணு கேக்கணும்.

— கேளுங்க. இனிமே என்ன விதிமுறை? பேரு, உயரம், இப்ப எங்க இருக்கார், கையைப் பிடிச்சாரான்னு எது வேணும்னாலும் கேளுங்க. இன்னைக்கு நிஜத்தைத்தான் சொல்வேன். சொல்லி முடிச்சுட்டு பாப்பாவைக் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பறேன்.

— அவன் கிடக்கறான்.

— பின்னே?

— அஞ்சு மணிக்கு மேல, அந்தப் பையையும் தூக்கிக்கிட்டு, எப்படிம்மா வீட்டுக்குள்ள நுழைஞ்சே?