பக்கத்துக் கோடு

கைக் கொப்புளம் ஆற இத்தனை நாளாகும் என்று எனக்குத் தெரியாது, இன்ஸ்பெக்டர் ஐயா. சாக்பீஸ் பிடித்த கை. கோடாரி பிடித்தது ஒரே ஒரு மத்தியானம்தான்.

நான் கள்ளக்குறிச்சியில் இயற்பியல் விரிவுரையாளன். சாகப்போகும் விண்மீன் ஊதித் தள்ளும் வாயுவைக் கோள்முகில் என்பார்கள். அதன் ஒளியைப் பிரித்து, விழும் கோடுகளை அளந்து, உள்ளே எந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்வது என் வேலை. ஒரு முகிலில் யாரும் காணாத அளவு நைட்ரஜன் இருப்பதாக எண்பத்து மூன்றில் கட்டுரை எழுதினேன். வாழ்க்கையில் நான் கிழித்தது அது ஒன்றுதான்.

வெள்ளிமலை வேடியப்பன் மகள் செவ்வந்தி என் மாணவி. இடஒதுக்கீட்டு மறியலுக்காகக் கல்லூரியை மூடிய வாரத்தில், அந்தக் கோடுகள் பதிந்த என் கண்ணாடிப் படத்தட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய் மறுபடி அளந்திருக்கிறாள். மறியல் முடிந்த அன்று மலைக்குப் போனேன்.

"பக்கத்துல ஐட்ரஜன் கோடு ஒட்டிக்கினு இருக்குதுங்க சார். ரெண்டையும் சேத்து நைட்ரஜன்னு படிச்சிட்டீங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள். மறுநாள் காலை ஜீப்பில் சின்னசேலம் போய், ரயிலேறி, பெங்களூர்க் கருத்தரங்கில் சொல்லப்போகிறாளாம். என் பேரையும் சேர்த்துக்கொள்வாளாம்.

கீழே சாலையோரமெங்கும் மறியல்காரர்கள் வெட்டிப்போட்ட மரங்கள். அவற்றோடு இன்னொன்று கிடந்தால் யார் பிரித்துப் பார்ப்பார்கள்? தொலைநோக்கிக்குக் கால் செய்ய வேண்டும் என்று வேடியப்பனிடமே கோடாரி கேட்டேன்.

"நான் வெட்டித் தரட்டுங்களா சார்?" என்றார். நல்ல மனுஷர். அவருக்குக் கால் மணி வேலை. எனக்கு நாலு மணி நேரம் பிடித்தது. மாலை ஜீப் மேலே ஏறிய பிறகு மரத்தைச் சாய்த்தேன். ரயிலைத் தவறவிடுவாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். வளைவுக்கு முன்னால் சாய்த்திருந்தால் டிரைவர் தூரத்திலேயே பார்த்திருப்பார்; அதனால் வளைவைத் தாண்டியதும் வழியை மறிக்கும்படி சாய்த்தேன்.

வேடியப்பன் வீட்டிலேயே சாமைச் சோறு சாப்பிட்டுத் தூங்கினேன். காலையில் செவ்வந்தியை ஜீப் ஏற்றிவிட்டேன். நானும் அதில்தான் இறங்க வேண்டியது. தலைவலி என்று தங்கிவிட்டேன். அவளையும் டிரைவரையும் பள்ளத்திலிருந்து பிணமாகத் தூக்கினார்கள்.

மறியலுக்குப் போன தியாகதுருகம் வெற்றிவேலைப் பிடித்தீர்கள். நானும் தலையாட்டினேன். கோடாரியைத் திருப்பி வாங்கும்போது என் கையைப் பார்த்த வேடியப்பன்தான் உங்களிடம் வந்தார்.

"மலையில ஏதுங்க மறியலு? அது வேற மரங்க."

அப்பாவும் மகளும் ஒரே மாதிரி. ஒட்டியிருப்பதைப் பிரித்துவிடுகிறார்கள்.

கொன்றது நான்தான். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வெற்றிவேலை விட்டுவிடுங்கள். நைட்ரஜன் அளவு தப்பு என்பதை மட்டும் எழுதாதீர்கள், ஐயா. தட்டுகள் அவளோடு நொறுங்கிவிட்டன. அது இன்னும் நிரூபணமாகவில்லை.