மூடியில் வரைந்த குழி

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும் என்று எங்கள் படக்கூடத்தின் வாசலில் போர்டு வைத்தது நான்தான். தரையில் வரைந்த படத்தில் மண் உரசினால் முதலில் தேய்வது நிழல். நிழல் தேய்ந்தால் குழியின் ஆழம் குறைந்துவிடும். அதைத் தவிர வருகிறவர்களுக்கு நான் வேறு எந்தக் கட்டுப்பாடும் வைத்ததில்லை.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, மேடம். நானாகத்தான் வந்திருக்கிறேன். என் மனைவி விஜிலா படக்கூடத்து மாடியிலிருந்து விழுந்து இறந்ததை விபத்து என்று உங்கள் ஸ்டேஷனில் எழுதி முடித்துவிட்டார்கள். மாடித் தரையில் இருக்கிற திறப்பின் மூடியைக் கழற்றி வைத்தவன் திரும்பப் போட மறந்துவிட்டேன் என்று அன்றைக்கு நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். எல்லோரும் என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் அவளுடைய அண்ணன் ஆன்டனி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், வேலைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். கண் ஆபரேஷனுக்கு முன்னால் விடச் சொன்ன சொட்டு மருந்தை அன்று அவர்தான் அவளுக்கு விட்டாராம். அதில் பார்வை மங்கித்தான் அவள் குழியில் காலை வைத்துவிட்டாள் என்று சொல்லிச் சொல்லி அழுகிறார். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்தங்கச்சிய நானே கொன்னுட்டேன் மாப்ள. நீ என்னய மன்னிச்சிரு" என்றார். நல்ல மனிதர். சொட்டு மருந்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பதை விளக்கத்தான் வந்தேன். அதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

நான் முதலில் விசைப்படகுகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். படகின் முகப்பில் மாதா படம், நங்கூரம், இரண்டு மீன். ஒரு வருடம் கோயில் திருவிழா மேடைக்குப் பின்னால் கட்டுகிற துணியில் தூண்கள் வரையச் சொன்னார்கள். வரைந்தேன். அன்று எங்கள் தெரு விக்டர் மாமா பேசிக்கொண்டே வந்து அதில் ஒரு தூணில் சாய்ந்தார். துணியோடு பின்பக்கம் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். மொத்தக் கூட்டமும் சிரித்தது, அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாய்வதற்கு முந்தின கணத்தில் அவர் முகத்தில் இருந்த நிம்மதியையே நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லாத ஒன்றின் மேல் ஒரு மனிதர் தன் முழு பாரத்தையும் ஒப்படைக்கிறார். அதைச் செய்ய வைத்தது என் பிரஷ். அந்த நினைப்பு என்னை விடவே இல்லை.

அப்படித்தான் கடற்கரைப் பக்கம் பழைய சங்கு குடோனின் மாடியில் படக்கூடம் வைத்தேன். சுவரிலும் தரையிலும் நான் வரைந்த படங்கள். சுறாவின் வாய்க்குள் தலையைக் கொடுத்து நிற்கலாம். உப்பளத்துக்கு மேலே ஒற்றைப் பலகையில் நடக்கலாம். திருச்செந்தூருக்குப் போகிறவர்கள் வேனை நிறுத்தி இறங்குவார்கள். இந்த மாதிரிப் படங்களில் மனிதர்களுக்கு என்ன பிடிக்கிறது என்று கேட்டால், கண் சொல்வதைக் கால் நம்பலாமா வேண்டாமா என்று தயங்குகிற அந்த ஒரு கணம்தான். தயங்கிவிட்டுச் சிரிப்பார்கள். ஏமாந்துபோனோம் என்று தெரிந்தும் சந்தோஷப்படுகிற இடம் மனிதர்களுக்கு வேறு எங்கே இருக்கிறது?

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. இந்தப் படங்கள் ஒற்றைக் கண்ணுக்குத்தான் முழுசாக நிற்கும். இரண்டு கண்ணாலும் பார்க்கிறவர்கள் கிட்டே வந்தால் வெறும் தரை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஃபோனுக்கு ஒரே கண். அதனால்தான் எல்லோரும் ஃபோனில் எடுத்து, ஃபோனைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள். என் படத்தின் மேலேயே நின்றுகொண்டு, படத்தைப் பார்க்காமல் ஃபோனைப் பார்ப்பார்கள். ஆன்டனி மச்சான் முதல்முறை வந்தபோது, "என்ன மாப்ள, நேருல பாத்தா சும்மா கலர இழுவி வச்ச மாதிரில்லா கெடக்கு" என்றார். கள்ளம் இல்லாமல் சொன்னது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அன்று அவருடன் வந்திருந்தவள்தான் விஜிலா. சங்கு அறுக்கிற பட்டறையில் வேலை பார்த்தவள். சில்லு தெறித்து இடது கண்ணில் வெள்ளை விழுந்து பார்வை போய்விட்டது. தரையில் நான் ஒரு முத்துப்படுகை வரைந்திருந்தேன். ஆழத்தில் சிப்பிகள் கிடக்கும், ஒருவன் கயிற்றைப் பிடித்து மேலே வந்துகொண்டிருப்பான். அவள் ஃபோனை எடுக்கவில்லை. விளிம்பில் நின்று, சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், நனைந்துவிடும் என்பதுபோல. அதைச் செய்தது அவளுக்கே தெரியாது. நான் தெரிந்துகொண்டேன். எங்களுக்குக் கல்யாணம் ஆனது அதற்கு அடுத்த பனிமயமாதா திருவிழாவுக்கு முன்னால்.

அவளைச் சந்தோஷமாக வைத்திருந்தேன். இதை ஆன்டனியே சொல்வார். புதுப் படம் முடிந்தால் முதலில் அவளைத்தான் கூப்பிட்டுக் காட்டுவேன். ஒவ்வொரு முறையும் நிற்பாள். கால் விரல் உள்ளே மடங்கும், கை எதையாவது பிடிக்கத் தேடும். உலகத்தில் ஒரே ஒருத்திக்கு என் படங்கள் நிஜமாகவே இருந்தன, மேடம். அது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று வரைகிறவனுக்குத்தான் தெரியும்.

மாடித் தரையின் நடுவில் ஒரு திறப்பு இருந்தது. அந்தக் காலத்தில் சங்கு மூட்டைகளைக் கயிறு கட்டி ஏற்றி இறக்கிய வழி. அதற்குத் தரையோடு தரையாகப் பலகை மூடி செய்து போட்டிருந்தேன். போன மழைக்காலத்தில் அந்த மூடியின் மேலேயே, மூடி திறந்து கிடப்பதுபோல ஒரு படம் வரைந்தேன். கீழ்த்தளத்து சிமெண்டுத் தரை, ஒரு நீல டிரம், ஒரு சாக்குக் கட்டு, ஜன்னலிலிருந்து விழுகிற சாயங்கால வெயில். நான் வரைந்ததில் அதுதான் சிறந்தது. விஜிலா அதைப் பார்த்ததும் கத்திவிட்டாள்.

"ஐயோ, மூடிய எங்கங்க? யாராச்சும் விழுந்துறப் போறாங்க!"

நான் போய் அதன் மேல் நின்று காட்டினேன். பிறகு அவள் கையைப் பிடித்து மெதுவாக நடத்திக் கூட்டிவந்தேன். "பயப்படாத விஜி. நான் வரைஞ்சதுதான்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு காலை வைத்தாள். பலகை தட்டுப்பட்டதும் குழந்தை மாதிரி சிரித்தாள்.

சிரித்தது நல்லதுதான். ஆனால் அதற்குப் பிறகு அவளுக்கு அது பழகிவிட்டது. கூட்டம் போனதும் டீயைக் கொண்டுவந்து அதன் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து அண்ணனோடு ஃபோனில் பேசுவாள். குழியின் நடுவில் உட்கார்ந்துகொண்டு மீன் குழம்பைப் பற்றிப் பேசுவாள். அவள் மேல் என்ன தப்பு?

கண் ஆபரேஷன் பேச்சை எடுத்தது ஆன்டனி. கருவிழி மாற்றி வைத்தால் பார்வை வந்துவிடும் என்று கண் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். யாராவது கண்தானம் செய்தவர்கள் இறந்தால் கூப்பிடுவோம் என்று என் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். கூப்பிடவும் செய்தார்கள். அவளுக்குக் காய்ச்சல் என்று நான் சொன்னேன். அன்று அவளுக்குக் காய்ச்சல் இல்லை. அந்தக் கண் வேறு யாருக்காவது போயிருக்கும், அவர்கள் நன்றாக இருக்கட்டும். அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லி என்ன, வருத்தப்படுவாள்.

ரொம்ப நாள் கூப்பிடவில்லையே என்று ஆன்டனி நேரில் போய்க் கேட்டிருக்கிறார். காய்ச்சல் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. "நீ வேலை மும்முரத்துல இருந்திருப்ப மாப்ள, வேற யாரு ஃபோன எடுத்தாங்களோ" என்று அவரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு, தன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த அழைப்பு அவருக்குப் போனது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று உறுதியாகிவிட்டது. அதற்கு மேல் என் கையில் ஒன்றும் இல்லை.

அந்த வாரம் முழுக்க அவள் பாடிக்கொண்டே இருந்தாள். "கட்டவுத்ததும் மொதல்ல என்னத்தப் பாப்பேன் தெரியுமா?" என்று கேட்டாள்.

"என்னத்த?"

"ஒங்க படத்தத்தான். ஒத்தக் கண்ணுலயே இம்புட்டு நெசமா தெரியுதே, ரெண்டு கண்ணுலயும் பாத்தா எப்பிடி இருக்கும்!"

அவளுக்கு எப்படிச் சொல்வது? ரெண்டு கண்ணாலும் பார்த்தால் கலரை இழுவி வைத்த மாதிரி இருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பாள். கட்டை அவிழ்த்து, வந்து நின்று, பார்த்துவிட்டு, என் மனசு நோகக்கூடாதே என்று "நல்லாருக்குங்க" என்று சொல்வாள். அந்தக் குரலை நான் முன்கூட்டியே கேட்டுவிட்டேன். மற்றவர்கள் எல்லோரும் அந்தக் குரலில்தான் சொல்கிறார்கள். தூக்கம் போய்விட்டது. தடுக்க முடியாத ஒன்று வந்துகொண்டே இருக்கும்போது மனிதன் என்ன செய்வான்? அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் ஒரு தடவையாவது அவளுடைய அந்த முதல் நாள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம், பார்க்க வந்தவர்கள் போன பிறகு, மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்து அதன் மேல் ஒரு திரைத்துணியைப் போட்டேன். கீழே நீல டிரம்மும் சாக்குக் கட்டும் படத்தில் இருந்த இடத்திலேயே இருந்தன. காலையிலேயே நகர்த்தி வைத்திருந்தேன். வெயிலும் படத்தில் விழுந்த இடத்தில் விழுந்தது. திறப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அவள் நின்றால் போதும், சிரித்துவிட்டு மூடியைப் போட்டுவிடலாம் என்பதுதான் என் திட்டம். ஆபத்து எதுவும் இல்லாத திட்டம்.

ஆன்டனி சொட்டு மருந்து விட்டது மத்தியானம். சாயங்காலத்துக்குள் அது தெளிந்துவிட்டது. படியேறி வரும்போதே கடைசிச் சுவரில் ஒரு பல்லி ஓடியதைப் பார்த்துச் சொன்னாள். அவள் பார்வையில் எந்த மங்கலும் இல்லை. இதை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். மருந்தால் நடந்தது என்று இருந்தால் அது அவருக்கும் அநியாயம், எனக்கும் அநியாயம்.

கையில் இரண்டு டீ டம்ளரோடு வந்தாள். விளிம்புக்கு வந்தாள். நின்றாள்.

ஆமாம் மேடம், நின்றாள். கால் விரல்கள் மடங்கின. முகம் முதல் நாள் போலவே இருந்தது, அதைவிட நன்றாகவே இருந்தது.

"என்னங்க, திரும்பத் தொட்டு வரைஞ்சீங்களா? அசல் குழியாட்டம் இருக்கு."

"ஆமா" என்றேன். "கொஞ்சம் நெழல் சேத்தேன்."

"எனக்குக் காலு கூசுதுங்க."

நான் நினைத்தது கிடைத்துவிட்டது. அதோடு போதும் என்று இருந்திருக்கலாம். எனக்கு ஏன் போதவில்லை என்று இந்த நாட்களில் யோசித்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்த முகம் கிடையாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

"நான் வரைஞ்சதுதான விஜி. வா" என்றேன்.

என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே காலை வைத்தாள்.

விழுந்த உடனே உயிர் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. மல்லாந்து கிடந்தாள். இடுப்புக்குக் கீழே அசையவில்லை. கண் திறந்திருந்தது. மேலே என்னைப் பார்த்தாள். கோபமோ சந்தேகமோ எதுவும் இல்லை. தான்தான் ஏதோ தப்பாகக் காலை வைத்துவிட்டோம் என்பதுபோல வெட்கப்பட்ட மாதிரி இருந்தது.

"கையக் குடுங்க" என்றாள். "எந்திரிச்சுக்கிடுதேன்."

ஒரு கையை மேலே நீட்டினாள். நான் திறப்பின் ஓரத்தில் குப்புறப் படுத்து என் கையை நீட்டினேன். அவள் விரல்கள் விரிந்து, மூடி, மறுபடி விரிந்தன. இன்னொரு தடவையும் கையைக் கேட்டாள். அதற்குப் பிறகு பேசவில்லை, கையை மட்டும் நீட்டியபடி இருந்தாள். கீழே வெயில் டிரம்மைத் தாண்டி நகர்ந்து சுவரில் ஏறுகிறவரைக்கும் நீட்டியிருந்தாள். பிறகுதான் அந்தக் கை இறங்கியது.

ஃபோன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. படிக்கட்டு எனக்குப் பின்னால்தான் இருந்தது. இறங்கிப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் நான் அசையாமல் படுத்திருந்தேனே தவிர, அவளைக் கைவிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். அங்கிருந்து பார்க்கும்போது, இன்னும் கொஞ்சம் நீட்டினால் என் கை அவளுக்கு எட்டிவிடும் என்றுதான் எனக்குத் தெரிந்தது.