ஹார்கும் போகும் வழி

கடைசிச் சவாரியில் இருந்தவர்கள்: முன் இருக்கையில் நான், ஏல்கோ. பின் இருக்கையில் என் மனைவி ஃபென்னா. கூடையில் மசாலா கேக் வைத்த ஒரு தகர டின். உங்கள் சங்கத்தின் படிவத்தில் இவ்வளவுக்குத்தான் இடம் இருக்கிறது.

இருவர் சேர்ந்து மிதிக்கும் இந்த இரட்டைச் சைக்கிள் நல்ல நிலையில் இருக்கிறது. பின்பக்க பிரேக் கட்டையை நானே மாற்றினேன். சங்கிலிக்கு எண்ணெய் விட்டிருக்கிறேன். பார்வையற்றவர்களுக்காக நீங்கள் இரவல் தரும் வண்டியைக் கெடு முடியும் முன்பே ஏன் திருப்பித் தருகிறேன் என்று கேட்டிருந்தீர்கள். 'காரணம்' என்ற கட்டத்தில் எழுதிப் பார்த்தேன். அடங்கவில்லை. அதனால்தான் இந்தத் தனித்தாள்.

ஃபென்னாவுக்கு முழுதாகப் பார்வை போய் நான்கு வருடம் ஆகிறது. அதற்கு ஒரு வருடம் முன்பு, பாதிப் பார்வை இருந்தபோது, அவளுடைய அக்கா அல்பெர்தா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கண் தெரியாதவர்கள் கோல் பிடித்துத் தனியாக நடக்கவும், தனியாகச் சமைக்கவும் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் தங்கைக்கு இடம் கேட்டு வைத்திருந்தாள். நான் தேவையில்லை என்றேன். நான் இருக்கிறேனே என்றேன். அல்பெர்தா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கண்ணு பாதிதான் போயிருக்கு, ஃபென்னா. மீதிய இவன் மூடி வைக்கிறான்" என்றாள்.

ஃபென்னா அன்று என் பக்கம் நின்றாள். அக்காவை வெளியே போகச் சொன்னாள். அதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். அதன் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. அல்பெர்தா ஹார்கும் கிராமத்துக்குக் குடிமாறிப் போனாள். அந்த வீட்டை ஃபென்னா பார்த்ததே இல்லை.

என்னைப் பற்றியும் ஒரு வரி. பதினைந்து வயதில் படிப்பை விட்டேன். சர்க்கரை ஆலையில் முப்பத்தொரு வருடம் இரவு வேலை. பீட் கிழங்கு கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பவனை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வேலை போன பிறகு இந்தச் சைக்கிள் வந்தது. பின்னால் உட்கார்ந்து ஒருத்தி, வலப்பக்கம் என்ன, இடப்பக்கம் என்ன என்று கேட்டாள். நான் சொன்னதுதான் அவளுக்கு வயல், நான் சொன்னதுதான் அவளுக்கு வானம். நாரை இல்லாத நாளிலும் நாரை நிற்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அதில் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

ஆகஸ்டில் அல்பெர்தாவின் மகள் ஹில்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். அம்மாவுக்குக் கணையத்தில் புற்று, குளிர்காலத்தைப் பார்க்க மாட்டாள், சித்தியைக் கேட்கிறாள் என்றாள். சொல்கிறேன் என்றேன். இரண்டாவது முறை கூப்பிட்டபோது, ஃபென்னா வர மாட்டேன் என்கிறாள் என்றேன். அல்பெர்தாவே எழுதிய கடிதம் ஒன்று வந்தது. யாருடைய கடிதம் என்று ஃபென்னா கேட்டாள். தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்கிறார்களாம் என்று படித்துக் காட்டினேன். அக்காவின் மரணப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் மனம் உடைந்துவிடும். உடைய விடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பேச்சு மறுபடி வரும் என்பதும் தெரியும்.

செப்டம்பரில் ஃபென்னாவே ஆரம்பித்தாள். அக்காவோடு சமாதானமாக வேண்டும் என்றாள். தொலைபேசியில் பேசினால் அவள் வைத்துவிடுவாள், வாசலில் போய் நிற்கிறேன் என்றாள். முடியாது என்று சொல்லியிருந்தால் வேறு யாரையாவது கூப்பிட்டிருப்பாள். அதனால் அழைத்துப் போனேன்.

எங்கள் பக்கம் சைக்கிள் பாதைகள் பிரியும் இடமெல்லாம் எண் பலகை உண்டு, உங்களுக்குத் தெரியும். கண் நன்றாக இருந்த காலத்தில் ஃபென்னா எண்களைத் துண்டுத்தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொள்வாள். இப்போது மனப்பாடம். ஹார்குமுக்கு வரிசையாக முப்பத்தொன்று, ஐம்பத்தெட்டு, பதினான்கு, அறுபத்திரண்டு.

முப்பத்தொன்றில் நேராகப் போகாமல் திரும்பினேன். நான்கு பீட் வயல்களைச் சுற்றி ஒரு வட்டம். இரண்டு சுற்று வந்தால் ஹார்கும் தூரம் ஆகிவிடும். நான் எண் எதையும் சொல்லவில்லை. "இப்ப பதினாலு வரணுமே" என்று அவள்தான் சொல்வாள். "ஆமா" என்பேன். காற்று ஏன் மறுபடி முதுகில் அடிக்கிறது என்று கேட்டால், பாதை வளைகிறது என்பேன். ஒரே மரப்பாலத்தை இரண்டு முறை கடந்தோம். நிறையப் பாலம் போட்டிருக்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டாள்.

எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டரில், கால்வாய் மதகுக்குப் பக்கத்தில் ஒரு காலி வீடு இருக்கிறது. அதன் வாசலில் நிறுத்தினேன். அவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு மணியை இழுத்தாள். உள்ளே நன்றாகக் கேட்டது. யாரும் வரவில்லை. "உள்ள இருக்கா. எனக்குத் தெரியும்" என்றாள். முதல் நாள் அவள் சுட்ட மசாலா கேக்கை டின்னோடு படியில் வைத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் காலையில் நான் மட்டும் போய் அந்தக் கேக்கைச் சாப்பிட்டேன். டின்னைத் துடைத்துப் படியிலேயே வைத்தேன்.

அடுத்த ஞாயிறு ஃபென்னா குனிந்து டின்னைத் தூக்கினாள். லேசாக இருந்தது. குலுக்கிப் பார்த்தாள். அப்போது அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டாள், கதவைத்தான் திறக்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பாள் என்றாள். இன்னொரு டின்னை வைத்துவிட்டு வந்தோம். அப்படி ஏழு ஞாயிறு. இலைகள் உதிர்ந்து பாதையெல்லாம் ஈரமாகக் கிடந்தது. அவள் பின்னால் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு மிதித்தாள். எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல இலையுதிர்காலம் அதுதான்.

அக்டோபர் கடைசியில் அல்பெர்தா இறந்தாள். புதன்கிழமை அடக்கம், சித்தியைக் காரில் கூட்டிப்போகப் பத்து மணிக்கு வருகிறேன் என்று ஹில்கா சொன்னாள். ஒன்பதரைக்கே ஃபென்னாவைச் சைக்கிளில் ஏற்றிவிட்டேன். வெயில் அடிக்கிறது, வீணாக்கக் கூடாது என்றேன். வட்டத்தின் கிழக்கு மூலையிலிருந்து ஹார்கும் நேர்கோட்டில் மூன்று கிலோமீட்டர்தான், நடுவில் கால்வாய். அன்று காற்றும் அந்தப் பக்கமிருந்து வந்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஹார்கும் தேவாலயத்தின் சாவு மணி ஒவ்வொன்றாக அடித்தது.

"யாரோ போயிட்டாங்க. நிறுத்து" என்றாள்.

நிறுத்தினேன். அவள் இறங்கித் தலைகுனிந்து நின்றாள். "தொப்பிய எடுத்தியா?" என்று கேட்டாள். எடுத்தேன். மணி ஓயும்வரை நின்றோம். மரியாதையில் குறை எதுவும் வைக்கவில்லை.

அது முடிந்த இரண்டாவது ஞாயிறுதான் கடைசிச் சவாரி. வட்டப் பாதையில் ஒரு பண்ணை வீட்டு வாசலில் பூசணிக்காய் அடுக்கி வைத்திருப்பார்கள், காசைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டியது. வசந்தத்தில் குடிவந்த பெண் ஒருத்தி அன்று அங்கே காய்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டாம் சுற்றில் அவளைக் கடந்தோம்.

"என்ன, இன்னைக்கும் ரெண்டு ரவுண்டா?" என்று சிரித்தாள். "வாராவாரம் என் வீட்டையே சுத்துறீங்க. ஒரு பூசணிக்காய் வாங்கலாம்ல?"

ஃபென்னா காலைத் தரையில் ஊன்றினாள். பின்னால் இருப்பவர் கால் ஊன்றினால் இந்த வண்டி நகராது.

"ஹார்கும் எந்தப் பக்கம்மா?"

"ஹார்குமா? கால்வாயைத் தாண்டிப் போகணும், எட்டு ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். நீங்க ஒருநாளும் அந்தப் பக்கம் போய்ப் பார்த்ததில்லையே" என்றாள் அவள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

ஃபென்னா என் தோளைத் தட்டினாள். "கூட்டிட்டுப் போ. மாட்டேன்னா இந்த அம்மாவைக் கூப்பிடுவேன்" என்றாள். "நம்பர் எதுவும் சொல்லாத."

போனோம். எதிர்க்காற்று. அவள் என்னைவிடப் பலமாக மிதித்தாள்.

ஹில்கா கதவைத் திறந்தாள். கறுப்பு உடை போட்டிருந்தாள். "இப்பதான் வர முடிஞ்சுதா சித்தி?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அம்மாவை அடக்கம் செய்து பதினோரு நாளாகிறது என்றாள்.

"புதன்கிழமையா?" என்று ஃபென்னா கேட்டாள்.

"ஆமா. பதினோரு மணிக்கு."

"மணி கேட்டுச்சு" என்றாள் ஃபென்னா. "நான் நின்னேன்."

கூடைக்குக் கையை நீட்டி டின்னை எடுத்தாள். "என் கேக்க அவ சாப்பிட்டாளா, ஹில்கா?"

"எந்தக் கேக்கு சித்தி?"

ஃபென்னா நான் நிற்கும் பக்கம் திரும்பினாள். என் முகம் எங்கே இருக்கும் என்று அவளுக்குச் சரியாகத் தெரியும்.

"நல்லா இருந்துச்சு" என்றேன். அந்த இலையுதிர்காலம் முழுவதும் நான் அவளிடம் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

அவள் கையை நீட்டிச் சுவரைத் தொட்டாள், பிறகு கதவு நிலையை. நான் பின்னாலிருந்து, பார்த்து, இரண்டு படி இருக்கிறது என்றேன். நான் வாய் திறந்து சொல்லாமல் அவளால் படியேற முடியாது. சொல்லி முடிக்கும் முன்பே அவள் இரண்டு படியும் ஏறியிருந்தாள். அவளுக்குப் பின்னால் கதவு மூடியது. உள்ளே சாவி இரண்டு முறை திரும்பியது.