தகனக்கிரியை பிற்பகல் நான்கு மணிக்கு

அந்தப் பதிவுக் கருவியை இன்னும் ஒரு சாண் தள்ளி வையுங்கள், ஐயா. இவ்வளவு கிட்ட இருந்தால் மூச்சும் சேர்ந்து பதிவாகும். பிறகு கேட்கிறவர்கள் நான் அழுதேன் என்று நினைப்பார்கள். மீள்குடியேறிய காலத்திலிருந்து ஒலிவாங்கியோடு குடும்பம் நடத்துகிறவன் சொல்கிறேன். மனைவி மீனம்மாவோடு பேசியது அதைவிடக் குறைவு.

பெயர் மாயாண்டி ராசு. ஊரில் 'மைக் ராசு' என்று கேட்டால்தான் ஆள் காட்டுவார்கள். கூரையில் இரண்டு ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். உடையார்கட்டிலிருந்து முள்ளிவாய்க்கால் வரைக்கும் யார் செத்தாலும் அறிவிக்கிறவன் நான். காணாமற்போன மாடு, கோயில் திருவிழா, இரத்ததான முகாம் எல்லாம் உண்டு. ஆனால் சோறு போட்டது சாவுதான்.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்டது ஒரேயொரு கேள்வி. அன்று றவூப் நானா கடைக்குள் இருந்தது எனக்குத் தெரியுமா என்று. அதற்கு வருகிறேன். என் தொழிலில் செத்தவரின் பெயரைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். முதலிலேயே சொன்னால் சனம் மிச்சத்தைக் கேளாது.

எங்கள் பக்கத்தில் மரண அறிவித்தல் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைசி யுத்தத்தில் செத்தவர்களுக்கு அறிவித்தல் இல்லை. பெயர் இல்லை, நேரம் இல்லை, இன்ன மயானம் என்று இல்லை. அதனால், ஓட்டோவில் 'மரண அறிவித்தல்' என்று தொடங்கினால் எங்கள் சனம் கையிலுள்ள வேலையை விட்டுவிட்டு நின்று கேட்கும். அகப்பை குசினியில் நிற்கும், மண்வெட்டி வரம்பில் நிற்கும். 'இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும்' என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, 'பூதவுடல் தகனக்கிரியைக்காக எடுத்துச் செல்லப்படும்' என்று முடிக்கும் வரைக்கும் ஒருவரும் அசைய மாட்டார்கள். சொன்ன நேரத்துக்கு வருவார்கள். சண்டை பிடித்தவனும் வருவான். என் குரல் சொன்னால் அது நடந்த காரியம். அந்த நம்பிக்கை ஒன்றுதான் நான் தேடிவைத்த சொத்து.

குரல்தான் வீட்டுக்குள் போகும், ஆள் போகாது. என் அப்பா எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தவர். நான் பிறந்தது இங்கே, பங்கருக்குள் படுத்தது இங்கே, முகாமில் வரிசையில் நின்றதும் இந்தச் சனத்தோடுதான். ஆனாலும் செத்தவீட்டில் விபரம் எழுதித் தரும்போது வேலிப் படலைக்கு வெளியே நிறுத்தித்தான் தருவார்கள். தேத்தண்ணியும் படலைக்கே வரும். பின்னால் யாரோ, "அது தோட்டக்காட்டான், நல்லாக் கத்துவான்" என்று சொல்வது கேட்கும். நான் சிரித்துக்கொண்டு வாங்கிக் குடிப்பேன். சிரிக்கத் தெரிந்தவனுக்குப் பல இடங்களில் அடி குறையும் என்று சின்ன வயதிலேயே கண்டுபிடித்தவன் நான்.

றவூப் நானாவின் கடை மருதடிச் சந்தியில். வயர், பற்றரி, டோர்ச் லைட், பழுதான றேடியோ. என் ஒலிபெருக்கி கரகரத்தால் அவர்தான் கழற்றித் திருத்துவார். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம் சனத்தைத் துரத்தியபோது உடுத்த உடுப்போடு முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் அகதி முகாமில் வளர்ந்து, தலை நரைத்த பிறகு திரும்பி வந்தவர். "நாம ரெண்டு பேரும் ஒரே வகுப்பு, ராசு. துரத்தின வாத்திமார்தான் வேற" என்பார். அவர் கடையில் எனக்கு உட்காரக் கதிரை இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இனிக் கட்சி. மண்காவல் முன்னணியின் முதல் கூட்டத்துக்கு ஒலிபெருக்கி கட்டியவன் நான். வந்த ஆட்களைவிடக் கதிரைகள்தான் கூடுதல். சின்னம் படலை, பூட்டிய படலை. நான் சிரித்தேன். பசளை இல்லாமல், டீசல் இல்லாமல், பிரதேச சபைக்குத் தேர்தலும் இல்லாமல் சனம் அலைந்த காலம் அது. குளத்துக்கட்டு உடைந்தால் சொல்ல ஆள் இல்லை. பழைய கட்சிக்காரர் கொழும்பில். பொடியள் கடன்பட்டுக் கப்பல் ஏறுகிறார்கள். அந்த நேரத்தில் முன்னணித் தலைவர் பரமலிங்கம் சேர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து குளத்துக்கட்டை அடைத்தார். தண்ணீர்ப் பவுசர் கொண்டுவந்தார். பிறகுதான் பேசினார்.

அவர் தனியார் கல்வி நிலையத்தில் வரலாறு படிப்பித்தவர். குரல் உயர்த்தாத மனிதர். திரும்பி வந்த முஸ்லிம் சனத்தை மனதில் வைத்து, வந்தேறிகள் நிலத்தைத் தின்கிறார்கள், கடைகளைத் தின்கிறார்கள் என்று மெல்லச் சொல்வார். சனம் கேட்டது, ஆனால் பயந்தது. பக்கத்து வீட்டு முன்ஸிரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கை தட்டுவது?

ஒருநாள் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். படலையோடு நின்றேன். "என்ன ராசு அதில நிக்கிறாய்? உள்ளுக்கு வந்து கதிரையில இரு" என்றார். அவருடைய மனைவி பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி தந்தா. வீட்டார் குடிக்கிற அதே கோப்பை. வந்திருந்தவர்களைப் பார்த்துச் சேர் சொன்னார், "ராசு எங்கட ஆள். இனி ஆரும் அவனைத் தோட்டக்காட்டான் எண்டு சொல்லக்கூடாது."

ஐயா, பெரிய விலை கேட்கிறவர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். என் விலை ஒரு கோப்பை தேத்தண்ணி. சீனியும் கொஞ்சம் குறைவு.

பிறகு அவர் சொன்னது: "நான் கதைச்சால் சனம் பயப்பிடுது. நீ கதைச்சால் சிரிக்கும். சிரிக்கிற சனம் பயப்பிடாது, ராசு." வரலாறு படிப்பித்தவர் அல்லவா, தெரிந்திருக்கிறது.

நான் வெறுப்புப் பேசவில்லை. அது எனக்கு வராது. பகிடி விட்டேன். றவூப் கடை டோர்ச் லைட் பகலில் நன்றாக எரியும் என்றேன். அவருடைய பற்றரிக்கு ஊர்ப்பற்று இல்லை, ஒரு கிழமையில் புத்தளத்துக்குப் போய்விடும் என்றேன். சனம் தெருவிலும் ஒழுங்கைகளிலும் நின்று சிரித்தது. சிறு பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். அடுத்த கூட்டத்தில் கதிரை போதவில்லை. அதற்கடுத்த கூட்டத்தில் சனம் மதிலில் ஏறி நின்றது. கடையில் வாங்குவது குறைந்தது. றவூப் நானா மட்டும் குறையவில்லை. ஒலிபெருக்கி கரகரத்தபோது நான் வெட்கமில்லாமல் அவரிடம்தான் கொண்டுபோனேன். "இதாலதானே எனக்கு ஏசுறாய். தெளிவாக் கேக்கட்டும்" என்று சொல்லித் திருத்தித் தந்தார்.

தேர்தலுக்கு முந்திய கிழமை அந்த அறிவித்தலைச் செய்தேன். வாசகம் என்னுடையது, ஒருவரும் எழுதித் தரவில்லை.

'மரண அறிவித்தல். மருதடிச் சந்தியை வதிவிடமாகக் கொண்ட றவூப் கடை, படலையின் வருகையால் காலமாகிறது. அன்னார் சீனப் பற்றரியின் அன்பு மகனும், கூடின விலையின் பாசமிகு கணவரும் ஆவார். அன்னாரின் தகனக்கிரியை வெள்ளிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்குச் சந்தியில் நடைபெறும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், கடன் சொன்னோர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.'

நான் உயிரோடு இருக்கும் வரைக்கும் அதைப்போல ஒன்று இனிச் செய்ய முடியாது. அகப்பையோடு வெளியே வந்த பெண்கள் அகப்பையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அன்று பின்னேரம் றவூப் நானா என் ஓட்டோவை மறித்தார். அவரும் சிரித்தார். ஒன்று சொன்னார். அதைப் பிறகு சொல்கிறேன்.

என்னுடைய பிழை ஒரு சொல்லில் இருக்கிறது என்றுதான் எட்டு மாதமாக எனக்குள் விளக்கம் சொல்லி வந்தேன். அவர்கள் புதைக்கிற சனம். 'நல்லடக்கம்' என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்ப்பழக்கத்தில் 'தகனக்கிரியை' என்று வந்துவிட்டது. நல்லடக்கம் என்றிருந்தால் ஒருவேளை மண்வெட்டி கொண்டுவந்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குச் சனம் வந்தது. சொன்னேன் அல்லவா, என் குரல் சொன்னால் வருவார்கள். ஒருவன் வெள்ளைத் துணி கட்டி வந்தான். பறை வந்தது. ஒப்பாரி வைத்தார்கள், கடை இரும்புக் கதவுக்கு மாலை போட்டார்கள். எல்லாம் விளையாட்டு. கொள்ளிக்குடம் சுமந்தவன் மூன்று தரம் சுற்றினான். விறகு கொண்டுவந்து வாசலில் அடுக்கினார்கள். ஆனால் எங்கள் செத்தவீட்டுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, ஐயா. தொடங்கினால் ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் நெருப்பில்தான் முடியும். நடுவில் நிறுத்த ஒருவருக்கும் தெரியாது.

உள்ளே இருந்ததெல்லாம் வயரும் பிளாஸ்ரிக்கும். பறைக்குக் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு படுத்திருந்த றவூப் நானாவைப் புகை எழுப்பவே இல்லை, படுத்தபடியே கொண்டுபோனது என்று வைத்தியர் சொன்னாராம்.

தீக்குக் காரணம் மின்னொழுக்கு என்று பொலிசார் எழுதினார்கள். பரமலிங்கம் சேர் றவூப் நானாவின் மனைவி பரீனாவிடம் போய்த் துக்கம் விசாரித்தார். நான் ஒழுங்கையில் நின்றேன். பரீனாதான் வெளியே வந்தா. பள்ளிவாசல் ஒலிபெருக்கி திருத்த என்று கடைக்கு வந்து, கடையோடு எரிந்துவிட்டது.

"ராசு, பள்ளியில அறிவிக்க மைக் இல்ல. நீங்கதான் சொல்லணும். ஒழுங்காச் சொல்லுங்க" என்றா.

ஒழுங்காகச் சொன்னேன். நல்லடக்கம் என்று சொன்னேன். சந்தியில் உள்ளவர்களுக்குத் தெரியும், தள்ளியுள்ள ஊர்களுக்குச் செய்தி போயிருக்கவில்லை. 'மரண அறிவித்தல். மருதடிச் சந்தி றவூப் அவர்கள்' என்றதும் சிரித்தார்கள். வரம்பில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள். "ராசு திரும்பவும் துவங்கிட்டான்" என்று ஒருவன் கை காட்டினான். நான் ஓட்டோவை நிறுத்தி, உண்மையாகத்தான் சொல்கிறேன் என்றேன். அதற்கு இன்னும் சிரித்தார்கள். சத்தியம் பண்ணினேன். ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காணும் ராசு, நிப்பாட்டு, வயிறு நோகுது" என்றார்.

ஒருவரும் அறிவிக்காத சாவுகளைக் கண்ட சனம், ஐயா. அறிவித்தும் ஒருவரும் வராத சாவை அவர்களுக்குக் காட்டியது நான்.

இரண்டு நாள் கழித்துத் தேர்தல். கட்சி தோற்கும் என்று நினைத்தேன். சபையை அள்ளிக்கொண்டு வந்தது. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை. நெருப்பு வைத்தவர்கள் இரண்டு மூன்று பேர், நின்று சிரித்தவர்கள் ஊர் முழுக்க. சிரித்தவர்களுக்கு, நீங்கள் சிரித்ததில் பிழையில்லை என்று சொல்ல ஒரு ஆட்சி தேவைப்பட்டது. அதைச் சொல்லக்கூடியது ஒரு கட்சிதான் இருந்தது.

போன கிழமை, இப்போது பிரதேச சபைத் தவிசாளராகிவிட்ட பரமலிங்கம் சேர், என்னைத் திரும்பவும் கூப்பிட்டார். காணி உறுதிப் பத்திரம் இல்லாத குடியேறிகள் வெளியேற வேண்டும் என்று அறிவிக்க வேணுமாம். தோட்டத்திலிருந்து வந்தவர்கள் இருக்கிற என் ஒழுங்கையும் அதற்குள் வருகிறது. "கொஞ்சம் பகிடியாச் சொல்லு, ராசு" என்றார். நான் படலையோடு நின்றுதான் கேட்டேன். உள்ளுக்கு வரச் சொல்லவில்லை.

அதனால்தான் உங்களிடம் வந்தேன் என்று மீனம்மா சொல்கிறாள். "அந்த மனுசன் செத்தப்ப வராத ரோசம், நம்ம வீட்டுக்கு வந்ததும் வருதாங்க?" என்று கேட்டாள்.

இனி உங்கள் கேள்வி. அன்று ஓட்டோவை மறித்து றவூப் நானா சொன்னது இதுதான்: "எல்லாம் சரி, நாலு மணிய மட்டும் மாத்துப்பா. ஜும்மா முடிஞ்சு வந்து நான் கடைக்குப் பின்னால படுக்குற நேரம். ஒன்ட சனம் பறையடிச்சா எப்படித் தூங்குற?"

மாற்றுகிறேன் என்றேன். ஊர் முழுக்கச் சிரித்து முடித்த அறிவித்தல். நேரத்தை மாற்றினால் பகிடி கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விறகு அடுக்கி முடிந்ததும், தேத்தண்ணிக் கடைச் சுதாஜினி கேட்டா, "ராசண்ணை, உள்ளுக்கு ஆரும் இல்லைத்தானே?" கடைக்குப் போய்வந்த ஆள் நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். சனம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. பரமலிங்கம் சேரும் பார்த்தார். ஒலிவாங்கி என் கையில். பக்கக் கதவடியில் அவருடைய நீலச் செருப்பு, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது.

ஓம், ஐயா. தெரியும்.

"பிரேதம் இல்லாமல் செத்தவீடு செய்யிற சனமோ நாங்கள்?" என்றேன்.

நன்றாகச் சிரித்தார்கள். சுதாஜினியும் சிரித்தா. யாரோ என் தோளில் கை போட்டான், சேர் தலையை ஆட்டினார். நெருப்புப் பிடித்த பிறகும் கொஞ்ச நேரம் நான் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். பிறந்ததிலிருந்து அந்த ஒரு நாள்தான், ஐயா, நான் படலைக்கு உள்ளே நின்றேன்.