அசையாமப் படுங்க அண்ணாச்சி

ஊசி வைத்தால் வலிக்குமா என்றுதான் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். வலிக்காது. முடியைவிடச் சற்றுத் தடிமன், அவ்வளவுதான். உள்ளே இருக்கும்போது அசைந்தால்தான் வலிக்கும்.

முதலிலிருந்து சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். கோவில்பட்டியில் பூவனலிங்கம் அண்ணாச்சி நடத்திய சீன வைத்திய நிலையத்தில் நான் உதவியாளர். விலங்கியல் பட்டம் முடித்து, வேறு வேலை கிடைக்காமல் சேர்ந்தேன். தீப்பெட்டி ஆபீசில் குனிந்து குனிந்தே கழுத்துப் போன பெண்கள் அங்கு வருவார்கள். ஊசியிலும், முதுகில் கவிழ்த்து வைக்கும் கண்ணாடிக் குப்பியிலும் அவர்களுக்கு வலி குறைந்தது உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

போன கார்த்திகையில் அம்மா வந்தாள். உளுந்துக் காட்டில் களையெடுத்ததிலிருந்து இடது தோளும் கையும் கடுக்கிறது என்றாள். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தும் வேர்வை அடங்கவில்லை. அண்ணாச்சி நாடி பிடித்துப் பார்த்து, தோளில் அடைப்பு என்றார். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அன்று பேசினேன்.

"அண்ணாச்சி, இது நெஞ்சு வலியா இருக்கும். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்."

"ஏட்டி, தவளைய அறுத்துப் படிச்சவ எனக்குப் பாடம் எடுக்கியா? உங்க அம்மை என்ன தவளையா?"

காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். "அவிய சொன்னாச் சரியாத்தான் இருக்கும். நீ சும்மா கெட" என்றாள்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், பசுவந்தனை வருவதற்கு முன், அம்மா என் தோளில் சாய்ந்தாள். பிறகு நிமிரவில்லை.

துஷ்டி கேட்க எங்கள் வீட்டுக்கு அண்ணாச்சி மாலையோடு வந்தார். "வலி தெரியாமப் போய்ச் சேந்தா பாத்தியா. எல்லாம் நம்ம ஊசிதான்" என்றார்.

நான் வேலையை விடவில்லை. இன்னொரு அம்மா இப்படி வந்தால் தடுக்க அங்கே ஓர் ஆள் வேண்டும் என்று நினைத்தேன். இதில் நான் செய்தது எல்லாமே என் அம்மாவுக்காகத்தான்.

போன வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்துக்கு ஆட்கள் கலைந்த பிறகு, அண்ணாச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். சட்டை நனைந்திருந்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மாடிப்படிக் கதவைச் சாத்திவிட்டு வந்து அவரைப் படுக்கவைத்தேன். இரண்டு கையிலும் மணிக்கட்டுக்கு மூன்று விரல் மேலே, அவர் கற்றுத்தந்த இடத்தில் ஊசி வைத்தேன். கால்களிலும் வைத்தேன். அங்கே தேவையில்லை.

"108-க்குப் போடுட்டி."

"அசையாமப் படுங்க அண்ணாச்சி. அடைப்பு விடுது."

"வெளாடாத. போனை இங்கன தா."

அவருடைய போனையும் என்னுடையதையும் மேசை இழுப்பறையில் வைத்து மூடினேன். கையை நீட்டப் பார்த்தார். ஊசி இழுத்தது. அப்படியே விட்டுவிட்டார்.

"இது நெஞ்சு வலிட்டி. இதுக்கு ஊசி கேக்காது. எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும் என்கிறார். அன்றும் தெரிந்திருக்கிறது. அதை அவர் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் இத்தனை நாள் அவருடைய குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கேட்டாயிற்று. அப்போதே கூப்பிட்டிருந்தால் ஆம்புலன்ஸ் வந்திருக்கும், பிழைத்தும் இருப்பார்.

"சரியாக் கேக்கல. என்ன தெரியும்?" என்றேன்.

சொன்னார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னார். நாற்காலியை அவர் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சத்தம் நின்று உதடு மட்டும் அசைந்தபோதும் குனிந்து காதை வைத்தேன். அது எனக்குப் போதவில்லை.

அம்மாவை அப்போது நான் நினைக்கவே இல்லை.